பின்பாக்கெட்டுக்கு எட்டாத தோள்

லாரிக்காரன் சம்பந்தத்துக்கு ஜெயவேலு பதினெட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. அவன் இரண்டு லோடு எம்-சாண்ட் மணல் இறக்கி மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டது.

ஜெயவேலுவைக் காசில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பள்ளிக்கரணையில் தலையில் ஜல்லி சுமந்து, அங்கேயே மாடிக் கட்டடமும் கீழே சிமெண்ட் கடையும் எழுப்பியவர். பெரிய படிப்பு படித்தவர்களெல்லாம் அவரிடம் வாடகைக்கு இருக்கிறார்கள்.

கொடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பணம் கல்லாவில் இருக்காது. காலையிலேயே பட்டாபட்டி டவுசரின் பின்பாக்கெட்டில் வைத்து, அதை மாட்டி, மேலே வேட்டி கட்டிவிடுவார். வாங்குகிறவன் எதிரில் வந்து நின்ற பிறகு வலது கை பின்னால் போகும், கட்டு வெளியே வரும். முன்பே எடுத்து வைத்தால் பயந்து கொடுத்ததாகிவிடும். இடது கையால் கொடுத்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாள். அந்தப் பாக்கெட்டில் கைவைக்க மனைவி பொன்னியம்மாளுக்கே அனுமதி கிடையாது.

அந்த வலது தோள்தான் இறுகிப்போய்விட்டது. கை பின்னால் இடுப்பைத் தாண்டாது. மூட்டை மூட்டையாகத் தூக்கிய தோள் மக்கர் பண்ணுகிறது என்று வெளியில் எப்படிச் சொல்வது? இரண்டு வாரமும் "அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டார்.

"இன்னாண்ணா, காசு கீதா இல்லியா?" என்றான் சம்பந்தம். "இன்னிக்கு டியூ கட்டலன்னா பைனான்ஸ்காரன் என் லாரிய தூக்கிகினு பூடுவான். உன் கடை நொடிச்சிப் போச்சுன்னு ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க."

நொடித்துப் போச்சா! ஜெயவேலு கையைப் பின்னால் வீசினார். "ஐயோ!" என்ற சத்தம் மாடிவரை கேட்டது. மாடியில் பிசியோதெரபி நடத்தும் ஹில்டா ஓடிவந்து, தோளை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், மேல்கை எலும்போட தலை பந்து மாதிரி. அது உட்கார்ற குழி சின்னத் தட்டு. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது. அதைச் சுத்தி ஒரு ஜவ்வுப் பை, அதுக்கு மேல நாலு தசை. உங்களுக்கு அந்தப் பை சுருங்கிடுச்சு."

"தட்டு மேல பந்தா? இத நம்பியா இத்தினி வருசம் மூட்டை தூக்கனேன்?"

"இன்னும் கேளுங்க. கையை உடம்போட எலும்பால சேர்க்கிறது கழுத்துக்குக் கீழ இருக்கிற இந்தக் காறை எலும்பு ஒண்ணுதான். பின்னாடி இருக்கிற தோள்பட்டை எலும்பு தசையிலதான் தொங்குது."

"மொத்த லோடும் ஒரே கொக்கியிலயா! எங்கிட்ட கேட்டிருந்தா ரெண்டு கம்பி சேத்துப் போடச் சொல்லியிருப்பேன்."

"கம்பி அப்பால போடலாம். நானே எடுத்துக்கட்டுமாண்ணா?" என்று சம்பந்தம் நெருங்கினான்.

"பாக்கெட்ல கைவச்ச, கைய முறிச்சிடுவேன்!"

"உன் கையே வரல. என் கைய எங்க முறிக்கப் போற?"

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "பாக்கெட்டைத் தொடவேணாம். முழங்கையைத் தொடலாமில்ல?"

ஜெயவேலுவைக் கொஞ்சம் முன்னால் குனியவைத்து, தோள்பட்டை எலும்பை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள். சம்பந்தம் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் நகர்த்தினான்.

"வரட்டும், வரட்டும்... லெப்ட்ல ஒடி... இன்னும் கொஞ்சம் வரட்டும்..."

"டேய், நான் இன்னா லாரியா?"

"மூச்சை விடுங்க அங்கிள்."

மூச்சை விட்டார். இரண்டு விரல்கள் பணக்கட்டைக் கவ்வின. வியர்த்துக் கொட்ட வெளியே இழுத்தார்.

"பாத்துக்கோ. என் கையாலதான் எடுத்தேன்."

"ரெண்டு மாசமாவது பயிற்சி பண்ணணும்," என்றாள் ஹில்டா. அது அவர் காதில் ஏறவில்லை. கை அதிகம் நீளாததால், சம்பந்தத்தை வயிற்றருகே வந்து கையேந்தச் சொன்னார். ஐந்நூறு ரூபாய்த் தாள் முப்பத்தாறையும், தெருவுக்கே கேட்கும்படி உரக்க, ஒவ்வொன்றாக அந்த விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.