த்ரீ எக்ஸ்எல் இடுப்பும் பதினோரு மணித் தயிரும்

என் இடுப்பு கம்பெனிச் சொத்து என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய், காலை பதினொன்றேகால். கல்யாணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நேரம் போடாமல் எதையும் எழுத எனக்கு வராது.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து, பருமனான பெண்களுக்கான ஆர்டர் ஒன்று வந்தது. இடுப்பில் தையல் வைத்த, முழங்கால் வரை வரும் பனியன் துணி கவுன். சாம்பிள் அறைப் பொம்மைக்கு மீடியம் சைஸுக்கு மேல் உடம்பு கிடையாது. வாங்குகிறவரோ, த்ரீ எக்ஸ்எல் அளவை ஒரு நிஜப் பெண் போட்டுப் படம் அனுப்ப வேண்டும், மூன்று சாம்பிளையும் அதே பெண்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தம்பி அதை வாசித்து முடித்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்கள்.

வைகாசியில் என்னை அளந்தார்கள். அளந்தவள் சாம்பிள் தைக்கிற டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வீடு கட்டிவிட்டவள்.

"யக்கா, மூச்ச இழுத்துப் பிடிக்காதீய. பொண்ணு பாக்கவா வந்திருக்காவ?"

விட்டேன். வந்த அளவை இங்கே எழுத மாட்டேன். அளவுத் தாளில் போதுமான பேர் படித்தாகிவிட்டது. அன்றே முதல் சாம்பிளைப் போட வைத்து, கழுத்துக்குக் கீழே படம் எடுத்து அனுப்பினார்கள். அது தேறியது. அடுத்த இரண்டும் அதே உடம்பில் அதே மாதிரி உட்கார வேண்டும். அரை அங்குலம் கூடலாம், குறையலாம். அதைத் தாண்டினால் ஆர்டர் நின்றுவிடும்.

இந்தப் பக்கம் என் வயிறு. மதியம் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பந்து போல உப்பிக்கொள்ளும். ஏப்பம் வராது. வேறெதுவும் வராது. காலையில் கழிப்பறையில் காத்திருந்த நேரத்தில் நூலகத்துப் புத்தகங்களில் பாதியைப் படித்து முடித்தேன். என்னை நிறையப் படித்தவள் என்று சொல்கிறவர்களுக்கு அதன் காரணம் தெரியாது.

ஆனி முதல் வாரம் டாக்டரம்மாவிடம் போனேன். எடையைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கூடவே நல்ல கிருமிகள் சேர்த்த தயிர் தினமும் ஒரு கப் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"அதுல எடை குறையுமுங்களா?"

"அதுக்கு நான் பொறுப்பு இல்லை. வயிறு கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்கும்."

நான் அதோடு விடவில்லை. கையில் கிடைத்த கட்டுரைகளை எல்லாம் படித்தேன். ஒருவர் இளைக்கும் என்றார். ஒருவர் எடையில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றார். இன்னொருவர் மேலும் ஆராய வேண்டும் என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. நானே ஆராய ஆரம்பித்தேன்.

தினமும் பதினோரு மணிக்கு ஒரு கப். திங்கள்தோறும், துணி ரோல்களை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். ஒரு மாதத்தில் முக்கால் கிலோ குறைந்தது. அதில் செருப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை; முதல் வாரம் கழற்ற மறந்திருந்தேன். வயிற்றின் கணக்கு வேறு. காலைக்கடன் சுலபமாக முடிந்த நாளுக்கு நாட்குறிப்பின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு இருந்தால் அதிகம். ஒன்பதாவது கப்புக்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம். சாயங்காலம் பாவாடை நாடாவைத் தளர்த்தும் வேலையே இல்லாமல் போனது.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஆடி இரண்டாம் செவ்வாய் இரண்டாவது சாம்பிளைப் போட்டேன். தோள் சரி, மார்பு சரி. இடுப்பு தொளதொளவென்று தொங்கியது. டெய்லர் மூன்று தடவை டேப்பைச் சுற்றினாள்.

"யக்கா, ஒன்றர இஞ்சக் காங்கல. எங்க வச்சிட்டு வந்தீய?"

வாசலில் நின்ற மெர்ச்சண்டைசர் தம்பி துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: "ஏனுங்கக்கா, எளைச்சுட்டீங்களா?"

"எளைக்கலீங்க தம்பி. எடை அப்படியேதான் இருக்குது. காத்துதான் எறங்கியிருக்குது."

"அந்தக் காத்தையும் சேத்தித்தானுங்கக்கா அப்ரூவல் வாங்கியிருக்கறோம்!"

அப்போது அவர் கண்ணில் மேசை மேலிருந்த தயிர் கப் பட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மூணாவது சாம்பிள் முடியற வரைக்கும் அத நிறுத்துங்கக்கா. உங்க இடுப்ப நம்பித்தான் ரெண்டு தையல் லைன் ஓடப்போகுது."

நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்ணிடம் இடுப்பு பெருக்க வேண்டும் என்று ஒருவர் கெஞ்சுவது தினமும் கிடைக்கிற மரியாதை அல்ல. சரி என்றேன். புதன்கிழமை அவர் பப்ஸ் கொண்டுவந்தார். வியாழன் மைசூர்பாகு, வெள்ளி பரோட்டா. வியாழனோடு நட்சத்திரம் நின்றது. சனிக்கிழமை வயிறு கல்லாக உப்ப, ஒரு குற்றமும் இல்லாத மூன்று பெட்டி உருப்படிகளைத் தவறென்று ஒதுக்கிவிட்டு, பிறகு நானே திரும்ப எடுத்து வைத்தேன். இது நடக்காது என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் ஆர்டர் என்னால் போயிற்று என்ற பேச்சும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, தயிரை ஆரம்பித்த தேதியைத் தேடி நாட்குறிப்பைப் புரட்டினேன். வைகாசிப் பக்கத்தில் கை நின்றது. என் கையெழுத்தேதான்: 'மதியம் முதலாளி மகளுக்கு வளைகாப்பு விருந்து. பாயசம் இரண்டு தடவை. மூன்றரைக்கு அளவு எடுத்தார்கள்.'

திங்கள் காலை அந்தப் பக்கத்தை மெர்ச்சண்டைசர் தம்பி முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"அப்ப அது விருந்து இடுப்புங்களாக்கா?"

"ஆமாங்க. கொஞ்சம் என்னுது, மிச்சம் பாயசம். நீங்க ரெண்டாவது சாம்பிளப் போட்டுப் பாத்தது காலைல பதினொண்ணேகாலுக்கு."

டெய்லர் ஊசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்த அளவுதான் சரி. சட்டைய எவ பட்டினி கெடந்து போடுதா? சாப்ட்ட வயித்துக்குத்தான் தைக்கணும்."

நான் என் நிபந்தனையைச் சொன்னேன். தயிர் இன்றைக்கே திரும்பும். மூன்றாவது சாம்பிள் அன்று கம்பெனி எனக்கு விருந்து போட வேண்டும்; இரண்டாவதையும் அன்றே படம் எடுத்துக்கொள்ளலாம். அளவு மூன்றரைக்கு.

ஆடிக் கடைசி வெள்ளி, சாம்பிள் அறையில் இலை போட்டார்கள். துணைக்கு என்று டெய்லரும் உட்கார்ந்தாள். என்னைவிட ஒரு வடை கூடவே துணை வந்தாள். பாயசம் இரண்டு தடவை, அதே போல. மூன்றரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கவுனை மாட்டினேன். அவள் டேப்பைச் சுற்றினாள்.

"ஒரு இஞ்சு வந்துட்டு. அர இஞ்சுதான் இன்னும் வரல."

கதவுக்கு வெளியிலிருந்து குரல்: "அக்கா, இன்னொரு டம்ளர் பாயசம் வேணுங்களா?"

"வேண்டாமுங்க தம்பி. அரை இஞ்சு வாங்கறவுங்களே விட்டுக் குடுத்திருக்கறாங்க."

இரண்டு சாம்பிளின் படமும் போயிற்று. ஆவணி முதல் வாரம் இரண்டும் தேறிவிட்டதாகப் பதில் வந்தது. தம்பி அதை என்னிடம் காட்டிவிட்டு, என் மேசையில் இருந்த கப்பை அவரே நகர்த்திக் கிட்டத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அரை அங்குலம் திரும்பி வரவே இல்லை. அது தயிரின் பங்கு என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். விருந்துக்கு மறுநாள் பதிவு இது: 'சனி. எடை அதே. செருப்பு இல்லாமல். காலை ஆறு இருபது.' ஓரத்தில் ஒரு நட்சத்திரம்.