பகல்வீட்டின் இருபத்தைந்தாவது ஆள்

போன வாரம் தோப்பும்படியில் நான் ஏறிய ஆட்டோ, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டது. மழை இல்லை. நல்ல வெயிலில், ஓடைக்குள்ளிருந்து காயல் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிச் சாலையில் பரவிக்கொண்டிருந்தது. கடல் பொங்கும் நேரத்தில் இப்படித்தான், வேலியேற்றம் என்பார்கள் இங்கே. "இனி போகாது சேச்சி, இறங்கிக்கோ" என்றான் டிரைவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினால், எங்கோ திறந்திருந்த கிடங்கிலிருந்து சுக்கு மணம். என் வீட்டில் சுக்குக் காப்பி கிடையாது, கவனித்திருப்பீர்கள். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில்தான் எங்கள் பகல்வீடு இருந்தது. தனியாகக் கிடக்கும் வயசானவர்கள் காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, சாயா குடித்து, சாயங்காலம் திரும்பிப் போவார்கள். நான் சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. சமைக்கச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது படித்தவள் என்பதால் எழுத்து வேலையும் என் தலையில் விழுந்தது. என்னுடைய மலையாளம் பஸ் போர்டுகளைப் படித்தே கற்றது. ஊர்ப் பெயர் என்றால் நான் புலி. மற்றதெல்லாம் பாதி எழுத்து, பாதி ஊகம்.

நடத்தியவர் சுலைமான் இக்கா. வெலிங்டன் தீவில் துறைமுக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராவுத்தர் குடும்பம், வீட்டுப் பேச்சு தமிழ். அரிசி மூட்டை அனுப்பிய வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையை மூடிக்கொண்டு போக, அந்த மழைக்காலத்தில் நாங்கள் கஞ்சிக்கு வந்துவிட்டோம். அதுவும் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வார்டு கவுன்சிலர் அம்மா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். எங்கள் கஞ்சியையே வாங்கிக் குடித்தார். "நகரசபைல நான் பேசறேன் இக்கா. சோறும் கிட்டும், நர்ஸும் வரும்" என்று ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இக்காவுக்குக் கண்ணில் புரை. "நீ வாயிச்சுச் சொல்லு மோளே" என்றார். வாசித்தேன். இருபத்தைந்து பேர் என்று இருந்தது. பக்கத்தில் 'அருது' என்று முடியும் ஒரு சொல். அருது என்றால் கூடாது, அது தெரியும். முன்பாதி தெரியவில்லை.

"இருபத்தஞ்சுக்குக் குறையக்கூடாதாம் இக்கா" என்றேன், துளி சந்தேகமில்லாமல்.

எங்களிடம் இருபத்துநாலு பேர்தான் இருந்தார்கள். ஒரு ஆளுக்காக அலைந்தேன். சுள்ளிக்கல் காய்கறிக் கடையில் கிடைத்தார் செல்லையா அண்ணாச்சி. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். ஆயுசெல்லாம் சுக்கு மூட்டை சுமந்தவர், மனைவி போனபின் ஒற்றை அறையில் தனியே இருந்தார். கூப்பிட்டதும் வந்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ரசத்துல புளி கூடிட்டு பிள்ள" என்று தினமும் குறை சொல்வார். அந்தக் குறையைக் கேட்கவே நான் கொஞ்சம் புளியைக் கூட்டி வைத்ததும் உண்டு.

அதிகாரி பார்க்க வருவதாக இரண்டு முறை சொல்லி இரண்டும் தள்ளிப்போயின. மூன்றாம் முறை சொன்ன நாளில் வேலியேற்றமும் பெருமழையும் சேர்ந்து வந்தன. கீழே கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த சுக்கின் காட்டம் மாடி முழுக்க நிறைந்திருந்தது. வந்தவர்களை எண்ணினேன், இருபத்துநாலு. அண்ணாச்சி மட்டும் இல்லை.

ஆட்டோ பிடித்துச் சுள்ளிக்கல் போனேன். போர்த்திப் படுத்திருந்தார். தொட்டால் சுட்டது.

"இன்னைக்கு வேண்டாம் பிள்ள. நெஞ்சுல என்னமோ கனமா கெடக்கு."

"ஒரு மணி நேரம் உக்காந்தா போதும் அண்ணாச்சி. தலையை எண்ணிட்டுப் போயிருவாங்க. ஒங்க ஒருத்தரால மத்தவங்க சோறு போயிரக்கூடாதுல்லா?"

மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். பிறகு சட்டைக்குக் கை நீட்டினார்.

பஜார் ரோட்டின் முனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே வந்தார். அதிகாரி நல்ல மனிதர். சிரித்த முகத்தோடு எல்லோரிடமும் நலம் கேட்டார். அவருக்குச் சாயா போடும் அவசரத்தில், ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு துண்டு கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும், "சோறு கெடச்சுதா?" என்றார்.

"கெடச்சிட்டு அண்ணாச்சி" என்றேன். உத்தரவு அப்போது வந்திருக்கவில்லை. அது வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் போய்விட்டார்.

பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. சூடான சோறு, மீன்கறி, புதன்கிழமைதோறும் நர்ஸ். அடுத்த வருஷம் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க கவுன்சிலரோடு உட்கார்ந்தேன். அவர் சத்தமாக வாசித்தார்: "இருபத்தஞ்சு பேரில் கவியருது."

"கவியருதுன்னா என்ன சேச்சி?"

"மிஞ்சக்கூடாதுன்னு. இருபத்தஞ்சுக்கு மேல ஆள் வேண்டாம். குறைஞ்சா ஒரு குழப்பமும் இல்ல." என் முகத்தைப் பார்த்து, "எந்தா, சுகமில்லையா?" என்றார்.

தலைவலி என்றேன்.

அன்று சாயங்காலம் இக்காவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். நான் வாய் திறக்குமுன் அவர், "அந்தச் செல்லையா வராம இருந்தா இந்த வீடு பூட்டியிருக்கும் மோளே. படச்சவன் அனுப்பின ஆளு" என்றார். கண் கலங்கியிருந்தது. சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ சாயங்காலங்கள் வந்தன. எதிலும் சொல்லவில்லை.

இக்கா போன பிறகு பகல்வீடும் நின்றுவிட்டது. அந்தக் கிடங்கு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. அன்று அந்த மாடியில் உட்கார்ந்திருந்தவர்களில் கடைசி ஆள், கொப்பரைக் கிடங்கில் வேலை பார்த்த மேரி சேச்சி, இந்தச் சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அவர்களில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று இத்தனை வருஷம் பயந்துகொண்டே இருந்தேன். மேரி சேச்சியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, இனி என்னைத் திட்டவோ மன்னிக்கவோ ஒருவரும் மிச்சமில்லை என்பது உறைத்தது. அன்றிலிருந்து பயம் இன்னும் கூடியிருக்கிறது.