ஐந்து அமைப்புகள், ஒரு மாடி வீடு

கூட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூரில் ஒரு மனித உரிமை அமைப்பில் வேலை பார்த்தேன். கடிதம் அடிப்பது, போன் எடுப்பது, வெளியிலிருந்து யாராவது வந்தால் தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது. அப்பா லுத்தரன் பள்ளி ஆசிரியர். அந்த ஆங்கிலம்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது.

அப்போது தலித் காலனித் தெருக்களிலிருந்து ஆண்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நடவுக்கு ஆள் இல்லை என்று மிராசுதார்கள் புலம்பினார்கள். கூரை வீடுகளுக்கு நடுவே அங்கங்கே காரை வீடுகள் எழும்பின. அதைப் பார்க்கப் பொறுக்காதவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அடித்து நொறுக்கிய பிறகு போய், விசாரித்து, அறிக்கை எழுதுவதுதான் எங்களைப் போன்ற அமைப்புகளின் வழக்கம்.

அந்த வழக்கத்தை மாற்றத்தான் கூட்டமைப்பு வந்தது. வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜின் மாடிக் கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். ஐந்து அமைப்புகள்: நாங்கள், ஒரு வழக்கறிஞர் குழு, ஒரு பெண்கள் அமைப்பு, ஒரு திருச்சபை சமூக சேவை மையம், கடலோர மீன் விற்கும் பெண்களின் சங்கம். எந்த ஊரில் வன்முறை வரும் என்று தகவல் கிடைத்தாலும் ஐந்து பேரும் அன்றைக்கே அங்கே போய் நிற்பது என்று முடிவு. எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மீன்காரச் சங்கத்துக்காக வந்திருந்த அக்கா மட்டும், "இதுக்கு எதுக்குக் கையெழுத்து? வரேன்னா வருவேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு காலையில், பத்து மணி இருக்கும், போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு பெண். ஏற்கெனவே ஒரு முறை அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்தவர், குரலிலேயே தெரிந்துகொண்டேன். புருஷன் சிங்கப்பூரில். காலனியின் முகப்பில், தேரோடும் சாலையைப் பார்த்து, மாடி வைத்து வீடு கட்டியிருந்தார். சாமி கீழே போகும்போது இவர்கள் மேலே நிற்பதா என்று மேலத்தெருக்காரர்கள் பிரச்சினை கிளப்பியிருந்தார்கள்.

"இன்னைக்கு சாயங்காலம் சாமி புறப்பாடுங்க. அதுக்குள்ள மாடியை இடிச்சிடுவோம்னு கோயில்ல கூட்டம் போட்டுச் சொல்லிட்டாங்க. வீட்டுல நானும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும்தான் இருக்கோம்."

"போலீஸுக்குச் சொன்னீங்களா?"

"போனேங்க. பூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுங்கறாரு. நீங்க எல்லாரும் வந்து நிப்போம்னு சொன்னீங்களே, வரீங்களா?"

"வரோம்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வழக்கறிஞர் குழுவில், "யார் தலைமை? உங்க சாரா, எங்க சாரா?" என்று கேட்டார்கள். அது முடிவாகாமல் கிளம்ப முடியாதாம். பெண்கள் அமைப்பின் செயலாளர், போன துண்டறிக்கையில் தங்கள் பெயரை நான்காவதாகப் போட்டதை எடுத்தார். அது முடிய கால் மணி நேரம் ஆனது. கடைசியில், "நீங்க போங்க, பார்க்கலாம்" என்றார். சமூக சேவை மையத்தில் ஃபாதர் திருச்சிக்குப் போயிருந்தார். கடிதம் இல்லாமல் வண்டி எடுக்க முடியாது என்று அங்கிருந்த கிளார்க் சொன்னார்.

மீன்கார அக்காவைப் பிடிக்க மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். யாரோ போய்க் கூட்டி வந்தார்கள். நான் விவரம் சொல்ல ஆரம்பித்ததும் குறுக்கே வெட்டினார்.

"எந்த ஊரு? எந்த பஸ்ல ஏறணும்? அதை மட்டும் சொல்லு."

சொன்னேன். போன் வைக்கும் சத்தம் கேட்டது.

ஒருங்கிணைப்பாளரிடம் போய் நின்றேன். அவர் வாசலில் நின்ற ஜீப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தார். "நாம மட்டும் போனா நாளைக்கு அவங்க, நம்மளைக் கேக்காம முந்திக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்கம்மா. கூட்டமைப்பே உடைஞ்சிடும். வக்கீல் திரும்பக் கூப்பிடட்டும்."

"சார், மணி பதினொண்ணு ஆச்சு."

"தெரியுதும்மா."

போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டானது. ஒன்றானது. கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். அதை மறக்க முயன்றிருக்கிறேன்; முடியவில்லை. பேருந்து நிலையம் பத்து நிமிட நடை. யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. நான் போகவில்லை.

மூன்று மணிக்குக் கடப்பாறையோடு வந்தார்கள். நடந்ததைப் பிறகு பலர் சொல்லிக் கேட்டேன். அக்கா இரண்டு பஸ் மாறி அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். கூட வந்தது ஒரே ஒரு பெண். மற்றவர்கள் விற்கப் போய்விட்டார்கள். அக்கா மாடிப்படியின் நடுவில் நின்றார்.

"நீ யாருடி?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"மீன் விக்கிறவ. இவ என் வாடிக்கை. இவளைத் தொடணும்னா என்னைத் தாண்டிப் போ."

தாண்டித்தான் போனார்கள். அக்காவின் இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. மாடிச் சுவர்களை உடைத்தார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் படியில் அவ்வளவு நேரம் மல்லுக்கட்டியதில், அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் பின்பக்கமாக இறங்கி வாய்க்கால் கரையோடு ஓடிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான்கு வண்டிகள் போயின. ஆம், நான்கு. தலைமைப் பிரச்சினை எப்படியோ தீர்ந்திருந்தது. சமூக சேவை மையத்துக்கு வண்டி கிடைத்திருந்தது. பெண்கள் அமைப்பு பேனர் கொண்டுவந்திருந்தது. உடைந்த மாடியை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தார்கள். நான் நோட்டைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். அவர் செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து போன்ல பேசினது நீங்கதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வரோம்னு சொன்னீங்க."

நான் நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன். "உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எழுதறதுக்கு வேற எடம் பாருங்க" என்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அறிக்கை இல்லாமலா? அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் சொல்லச் சொல்ல அடித்தேன். "கூட்டமைப்பின் உடனடித் தலையீட்டால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது." அக்காவைப் பற்றி ஒரே வரி: "கூட்டமைப்பின் உறுப்பினர் ஒருவர் காயமடைந்தார்." என் விரல்கள் அந்த இரண்டு வரிகளையும் பிழையில்லாமல் அடித்தன.

அந்த அறிக்கை ஊர் ஊராகப் போனது. கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சில அமைப்பினர் எங்கள் 'மாதிரி'யைத் தெரிந்துகொள்ள வேளாங்கண்ணிக்கு வந்தார்கள். அதே லாட்ஜ், அதே கூடம். அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காயம்பட்டவர் மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல நான் பக்கத்தில் நின்றேன்.

அக்கா எழுந்து, "அன்னைக்கு இவங்க யாரும் வரல" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்து, "சுருக்கமா சொல்லும்மா, சுருக்கமா" என்றார்.

நான் சுருக்கவில்லை. யார் என்ன சாக்குச் சொன்னார்கள் என்று அக்கா ஒவ்வொருவராகச் சொன்னார். அதெல்லாம் நான் ஆஸ்பத்திரியில் அவரிடம் அழுதுகொண்டே சொன்னது. வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணும்தான் வரல" என்றார். அதையும் சொன்னேன். 'இந்தப் பொண்ணு' என்பதை 'நான்' என்று மாற்றிச் சொன்னேன்.

இலங்கையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். டீ இடைவேளை என்று அறிவித்தார்கள். பிறகு அக்காவை யாரும் பேசக் கூப்பிடவில்லை. வாசலில் ஒருங்கிணைப்பாளர் என்னை நிறுத்தி, "இத்தனை பேர் உழைப்பைக் கெடுத்துட்டியே" என்றார். அடுத்த வாரம் என் இடத்தில் வேறு ஒரு பெண் இருந்தாள். எனக்கு வருத்தம் இல்லை. நல்லவளாகிவிட்டேன் என்ற நினைப்பும் இல்லை.

கூட்டமைப்பு உடையவில்லை, வளர்ந்தது. வேறு மாநிலங்களும் சேர்ந்தன என்று கேள்விப்பட்டேன். அந்த ஊரில் போலீஸ் இரண்டு பக்கமும் வழக்குப் போட்டது. அந்த வீட்டுப் பெண்ணின் புருஷன் சிங்கப்பூரிலிருந்து வந்தும் மாடியைத் திரும்பக் கட்டவில்லை. வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள். வாங்கியது மேலத்தெருக்காரர் ஒருவர். அவர் அங்கே உரம் அடுக்கி வைத்திருந்தார்.

மூன்று வருஷம் கழித்து நாகூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மார்க்கெட்டுக்குப் போய் அக்காவைத் தேடினேன். கை சரியாகக் கூடவில்லை. கூடையைத் தலைக்குத் தூக்க முடியாமல் தரையில் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

"பார்த்தா தெரியல?"

நான் உட்காரப் போனேன். மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"அன்னைக்குக் கூடத்துல நீ உள்ளதைச் சொன்ன, சரி. அதுக்காக உன்னை எனக்குப் பிடிக்கணும்னு இல்ல. மீனை மறைக்கற, தள்ளு. வியாபாரம் நடக்கணும்."

தள்ளி நின்றேன். அவர் அடுத்த ஆளிடம் விலை சொல்ல ஆரம்பித்தார்.