பக்ருதீனின் பசுமைக்குடில்

கண்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருடம் வெல்டிங் செய்த பக்ருதீனுக்கு வலது கண்ணில் பார்வை பாதியாகிவிட்டது. இனி நெருப்புப் பொறி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். மனைவி ஜீனத் காலையில் தையல் யூனிட்டுக்குக் கிளம்பிவிட்டால், சாயங்காலம் வரை அவருக்குப் பேச ஆளில்லை.

அவர்கள் குடியிருந்த எண்ணூர் வீட்டு மொட்டை மாடியில், முன்னால் இருந்தவர் போட்ட பசுமைக்குடில் ஒன்று கிடந்தது. பாலித்தீன் ஷீட் கிழிந்து தொங்கியது. இரும்புக் குழாய்களின் அடி துருவேறி உதிர்ந்தது.

"காயலாங்கடைக்குப் போட்டுடு பாய்," என்றார் வீட்டுக்காரர் தண்டபாணி. "இடத்த அடைச்சிகினு கீது."

"இரும்பு மேல நல்லாதாண்ணே கீது. அடியிலதான் பூட்ச்சி," என்றார் பக்ருதீன். "நான் பாத்துக்கறேன்."

உதிர்ந்த அடிகளை ரம்பத்தால் அறுத்துவிட்டு, சற்று மெலிந்த குழாயை உள்ளே சொருகி போல்ட் போட்டு முறுக்கினார். வெல்டிங் வைத்தால் அரை நாளில் முடிகிற வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. பிறகு புது ஷீட் போர்த்தினார். யார்டில் கண்டெய்னரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று தேடுவார்கள். அதே கண்ணோடு குடிலைச் சுற்றி வந்து, காற்று நுழைகிற இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தார்.

விதை விஷயத்தில் அவருக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. கத்தரி விதையை விரல் ஆழத்துக்குப் புதைத்து, இரண்டு வேளையும் தண்ணீரைக் கொட்டினார். பதினைந்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் விதை அழுகிக் கிடந்தது. அடுத்த தடவை தென்னை நார்த்தூளை ஐம்பது குழி கொண்ட நாற்றுத் தட்டில் நிரப்பி, விதையை மேலாகத் தூவி, கையால் தண்ணீர் தெளித்தார். ஏழாம் நாள் முளைத்தது. வேலைக்குக் கிளம்பிய ஜீனத்தை நிறுத்தி மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

மார்ச் மாதம் வெயில் ஏறியது. ஒரு சாயங்காலம் மாடிக்குப் போனால் அத்தனை நாற்றும் வெந்த கீரை மாதிரி படுத்திருந்தது. அன்று அவர் சோறு சாப்பிடவில்லை.

"எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது. பிரிச்சிப் போட்டுடலாம்," என்றார்.

மறுநாள் ஜீனத்துக்கு விடுமுறை. மதியம் ஒரு மணிக்கு அவரை மாடிக்குக் கூட்டிப்போனாள். "உள்ள போய் அஞ்சு நிமிசம் நில்லுங்க," என்று கதவைச் சாத்தினாள்.

இரண்டு நிமிடம்தான் தாங்கியது. சட்டை நனைந்து, மூச்சு வாங்க வெளியே வந்தார்.

"நீங்க ஓடியாந்துட்டீங்க. அது எங்க ஓடும்?" என்றாள் ஜீனத்.

அவர் கீழே போய்க் கத்தியை எடுத்து வந்தார். ஓட்டை அடைத்தே பழகிய கை, ஷீட்டில் கத்தியை வைக்கச் சற்றுத் தயங்கியது. இரண்டு பக்கமும் அகலமாக அறுத்து, சுருட்டி மேலே கட்டுகிற மாதிரி ஜன்னல் வைத்தார். கூரைக்கு மேலே பச்சை நிழல்வலை கட்டினார். பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் வலையில் படிந்து வெளிச்சத்தை மறைத்ததால், வாரம் ஒருமுறை கழுவவும் ஆரம்பித்தார்.

மூன்றாம் தடவை விதைத்தபோது ஐம்பது குழியில் முப்பத்தொன்று பிழைத்தது. கீழ்வீட்டு ஷாலு இரண்டு கத்தரி நாற்று கேட்டாள்.

"இன்னும் பத்து நாள் போவட்டும்மா," என்றார் பக்ருதீன். "இப்போ புடுங்குனா வேரு தாங்காது."

அப்படிச் சொல்லும்போது, தனக்கு இது தெரிந்திருக்கிறதே என்று அவருக்கே வியப்பாக இருந்தது.