இசாபெக்கின் ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில், டோக்மோக் நகரத்து ஐந்து மாடிக் குடியிருப்பு எதிலாவது நடுமுற்றத்தில் ஒரு காரின் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும். பத்து நிமிடத்தில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. குப்பை கொட்ட இறங்கியவன் வாளியோடு நிற்பான். ரொட்டி வாங்கப் போனவன் ரொட்டியோடு நிற்பான். முதலில் இரண்டு கையாலும் கைகொடுத்து, உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்துவிட்டு, அப்புறம் தலையை உள்ளே நீட்டி, என்ன கோளாறு என்பான். அதற்கு ஒரு முடிவு தெரியாமல் வீட்டில் டீ ஆறிப்போனாலும் நகர மாட்டான். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளின் சுபாவம் இது. இவர்களில் பாதிப்பேருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் மாடி இசாபெக் இதைக் கண்டுகொண்டது தற்செயலாகத்தான்.

அவருக்கு வயது அறுபத்தேழு. அதில் இருபத்தாறு வருடம் மலைக்கணவாயின் உச்சியில், சாலைப் பராமரிப்புக்காரர்களின் தங்குமிடத்தில் கழிந்தது. பனி தள்ளும் வண்டியை ஓட்டுவார். அது மக்கர் செய்தால் அவரே பழுது பார்ப்பார். இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிரில் டீசல் பம்பைக் கழற்றி, இருட்டில் தடவித் தடவியே திரும்பப் பூட்டியவர். ஊரே இல்லாத அந்த உயரத்தில் அவருக்கு ஆளில்லாத குறை மட்டும் இருந்ததே இல்லை. பனி விழுந்தால் லாரிகள் நிற்கும். லாரி நின்றால் டிரைவர்கள் அவர் அடுப்பைத் தேடி வருவார்கள். அவர் மனைவி ஸைரா பெரிய பானையில் சூப் வைப்பாள். விடிய விடியப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். வண்டி நின்றால் மனிதர்கள் வருவார்கள் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்த சங்கதி.

ஸைரா இறந்தபின் மகள் ஜீப்பார் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். இரண்டே வருடத்தில் அவளும் புருஷனும் வேலை தேடி வெளிநாட்டுக்கு, கஜான் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வீடும் பழைய ஜிகுலி காரும் இசாபெக்கும் மிஞ்சினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மகள் போன் செய்து சாப்பாட்டையும் ஹீட்டரையும் விசாரிப்பாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இவர் சொல்வார். வாரம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அதுவும், ரொட்டிக்கடைக்காரியிடம் சொன்ன நாலு வார்த்தையும்தான். சில நாள் தன் குரல் வருகிறதா என்று பார்க்கவே சமையலறையில் நின்று இருமிக்கொள்வார்.

டீக்கு நாலு பேரைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். கூப்பிடலாம்தான். ஆனால் எங்களில் விருந்தாளி என்றால் விரிப்பு நிறையப் பண்டம் இருக்க வேண்டும். பொரித்த மாவுருண்டை, பழப்பாகு, வெண்ணெய், வற்றல், கொட்டை என்று இடைவெளி தெரியாமல் பரப்பி, கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக் கொடுக்க வீட்டில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். தனிக்கட்டை ஒருத்தன் ரொட்டியையும் கெட்டிலையும் நடுவில் வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிட்டால், வந்தவனுக்கும் சங்கடம், கூப்பிட்டவனுக்கும் வெட்கம். இசாபெக்குக்கு அந்த வெட்கம் ரொம்பவே உண்டு.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு. எங்கோ போட்ட அழுக்குப் பெட்ரோலால் கார் இழுக்காமல் திக்கியது. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முற்றத்தில் பானெட்டைத் திறந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, திருப்புளியைக் கையில் எடுத்தார். ஐந்து நிமிட வேலை. அதற்குள் முதல் மாடி மெலிஸ் வந்துவிட்டார்.

மெலிஸ் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாத நாளிலும் விசில் இருக்கிற மாதிரியே பேசுவார். பின்னாலேயே கேனடி வந்தான்; வெல்டிங் வேலை பார்க்கும் ரஷ்யன், அதிகம் வாய் திறக்காதவன். இன்னும் இருவர் வந்தார்கள். மெலிஸ் இசாபெக்கின் கையிலிருந்த திருப்புளியை மெல்ல வாங்கிக்கொண்டு, கட்டைவிரல் பருமன் உள்ள அந்தப் பிளாஸ்டிக் குப்பியைத் தட்டிக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுமாண்ணே? இதான் ஃபில்டர். டேங்கிலேருந்து வர்ற பெட்ரோலை வடிகட்டுது. டீ வடிகட்டி மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

தெரியும் தம்பி என்று சொல்ல இசாபெக் வாயைத் திறந்தார். சுற்றி நின்ற நாலு முகத்தையும் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு இந்த எழவெல்லாம் எங்கப்பா தெரியுது" என்றார்.

ஐந்து நிமிட வேலை அன்று இரண்டு மணி நேரம் நடந்தது. கிளிப்பைத் தளர்த்துவதா வெட்டுவதா என்று ஒரு வாதம். பெட்ரோல் வழியாமல் டியூபின் வாயை போல்ட்டால் அடைப்பதா பென்சிலால் அடைப்பதா என்று இன்னொரு வாதம். நடுவில் யாரோ தன் மாமனாரைப் பற்றிச் சொன்னதில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சூரியகாந்தி விதை கைமாறிக்கொண்டே இருந்தது. அன்று மாலை மாடியேறும்போது இசாபெக்குக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு பேசியிருந்தார்.

அடுத்த ஞாயிறு, ஒழுங்காக ஓடுகிற காருக்குப் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தார். மெலிஸ் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போனார். வேறு ஒருவரும் நிற்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, ஊர் எழுவதற்கு முன்னே இறங்கி வந்து, நல்ல ஃபில்டரைக் கழற்றிவிட்டு அடைத்த பழைய ஃபில்டரைத் திரும்ப மாட்டினார். ஒன்பது மணிக்குப் பானெட்டைத் திறந்தார். வந்துவிட்டார்கள்.

இப்படியே எட்டு வாரம் ஓடியது. பிழைப்பு என்று பார்த்தால் கேவலம்தான். அவருக்கும் அது தெரியும். மெலிஸ் ஒருநாள் அந்த அழுக்கு ஃபில்டரைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட, ஆள் நடமாட்டம் அடங்கியபின் இசாபெக் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்தார். கடைத்தெருவில் உதிரிபாகம் விற்கும் ஹலிமாவோ, சனிக்கிழமை தோறும் புது ஃபில்டர் வாங்க வரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று போதுமே, இதை வைத்து என்ன பொரியலா செய்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் காதில் விழாதவர் போலப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒருமுறை மாட்டிக் கழற்றினதை மறுபடி புதுசென்று காட்ட முடியாதே; வீட்டு மேஜை டிராயரில் அப்படிக் கழற்றின நல்ல ஃபில்டர்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றையும்விட அவருக்குக் கஷ்டமாக இருந்தது, தெரியாதவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். மெலிஸ் கிளிப்பைக் கோணலாக முறுக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் அரித்தன. பொறுத்துக்கொண்டார். இதுதான் விலை என்றால் கொடுத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தார்.

ஒன்பதாம் வாரம் மெலிஸ் தீர்ப்புச் சொன்னார். கோளாறு ஃபில்டரில் இல்லை, டேங்கில் துரு. பாவம் பெரியவர், வாராவாரம் இதோடு மல்லுக்கட்டுகிறார், நாம் இத்தனை பேர் இருந்து என்ன பிரயோஜனம் என்று குடியிருப்பையே கூட்டிவிட்டார். வீடு கட்டத்தான் ஊர் கூடி உழைப்பார்கள். ஒரு பழைய காருக்காகப் பதினாலு பேர் கூடியதை அன்றுதான் பார்த்தோம். டேங்கைக் கழற்றி, வெந்நீர் விட்டுக் குலுக்கி, வெயிலில் காயவைத்தார்கள். பெண்கள் மாடியிலிருந்து தட்டுத் தட்டாகப் பண்டம் அனுப்பினார்கள். இசாபெக் தன் காருக்குப் பக்கத்திலேயே வர முடியாதபடி கூட்டம். ஜூன் மாதம், பாப்ளர் மரங்களின் பஞ்சு முற்றம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. ஸைரா போனபின் அவருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. ஆனால் ஒரு பயம் மட்டும் அவரை விடவில்லை. இவர்கள் சரிசெய்து முடித்துவிட்டால், அடுத்த ஞாயிறு என்ன சொல்லிப் பானெட்டைத் திறப்பது?

கடைசியாகப் புது ஃபில்டரை மாட்டினது மெலிஸ்தான். அதன்மேல் பெட்ரோல் போகவேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அது கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும், டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இசாபெக் கண்ணில் அது பட்டது. அவர் பேசவில்லை. தலைகீழாக மாட்டின ஃபில்டர் கொஞ்ச நாளில் திணறும். திணறினால் மறுபடி எல்லோரும் வருவார்கள். இந்தத் தடவை பொய்கூடச் சொல்ல வேண்டாம். கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது என்றே நினைத்தார்.

கேனடி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். மெலிஸ் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, தன் கைவேலையை ரசிக்கப் பானெட்டுக்குள் குனிந்தார். அப்போதுதான் இசாபெக் பார்த்தார்: கிளிப் சரியாக இறுகவில்லை. ஃபில்டரின் கழுத்திலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. மெலிஸின் சிகரெட்டுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். காலடியில் பஞ்சு.

அப்புறம் நடந்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. பாய்ந்துபோய் மெலிஸின் உதட்டிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி, கீழே போட்டால் பஞ்சு பிடிக்கும் என்று உள்ளங்கையிலேயே நசுக்கினார். கேனடியிடம் நிறுத்து என்று ஒரே அதட்டல். இடது கையால் டியூபை மடித்துப் பெட்ரோலை நிறுத்தி, வலது கையால் கிளிப்பைத் தளர்த்தி, ஃபில்டரைத் திருப்பி, மாட்டி, இறுக்கி, துணியால் துடைத்து, பம்பின் சின்ன நெம்புகோலை நாலு தடவை அமுக்கினார். குப்பியில் பெட்ரோல் ஏறியது. விரலை வைத்துக் கசிவு பார்த்தார். மெலிஸ் இன்னும் குனிந்தபடிதான் இருந்தார்.

பதினாலு பேரும் அவர் கையையே பார்த்தார்கள்.

"அப்போ இத்தனை வாரமா எங்கள வச்சு வேடிக்கை பாத்தீங்களாண்ணே?" என்றார் மெலிஸ். அவர் முகம் சிவந்திருந்தது.

"வேடிக்கை இல்ல தம்பி."

"பின்ன என்ன?"

நீங்கள் எல்லோரும் வந்தீர்கள், அதற்குத்தான் என்று சொல்ல வேண்டும். நெஞ்சு வரை வந்தது. பதினாலு பேருக்கு முன்னால் ஒரு வயசாளி எப்படி அதைச் சொல்வான்? உள்ளங்கை தீய்ந்து எரிந்தது. கேனடிதான் கேட்டான், எங்கே கற்றது என்று. கணவாயில் இருபத்தாறு வருடம் என்றார். அவ்வளவுதான். எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. எப்போதோ ஒரு குளிர்காலத்தில் தன் சித்தப்பாவை அந்தப் பனியில் யாரோ ஒருவர் காப்பாற்றிய கதையை ஒருவன் சொன்னான். மெலிஸும் நல்ல மனுஷர். கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்தது.

"முல்லாவுக்கே தொழக் கத்துக்குடுத்திருக்கேன்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பெயர் உஸ்தா. கைதேர்ந்த தொழில்காரனுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். அடுத்த ஞாயிறே ஒரு கார் வந்து நின்றது. அதற்கடுத்த வாரம் இரண்டு. அவர் சந்தோஷப்பட்டுத்தான் இறங்கி வந்தார். ஆனால் வந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உஸ்தா வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று வாயடிப்பது மரியாதை இல்லை. குப்பை கொட்ட வந்தவன் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கி நடந்தான். மூடின தட்டில் சாப்பாடு வந்தது. கொண்டுவந்தவர் வைத்துவிட்டுப் போனார். வேலை முடிந்து அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கதவைத் தட்டினால், உள்ளே வாங்க என்பார்கள். கையெல்லாம் கிரீஸ் என்று இவர் தயங்குவார். உள்ளே வராதவருக்கு எங்கள் வழக்கப்படி உடனே ரொட்டியை நீட்டுவார்கள். வாசலில் நின்றபடியே ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டால் மரியாதை முடிந்தது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஜூலையில் ஒரு ஞாயிறு மூன்று கார்கள் நின்றன. மூன்றாவது மெலிஸின் கார். ஃபில்டரைப் பார்க்கச் சொல்லிச் சாவியை நீட்டினார். இசாபெக் வாங்கவில்லை.

"மெலிஸ், இந்தக் கிளிப்பைக் கொஞ்சம் பிடிச்சுக்கயேன்."

"உங்களுக்கா? கண்ணைக் கட்டி விட்டாலும் மாட்டுவீங்க. நான் கை வச்சா திருப்பித்தாண்ணே மாட்டுவேன்."

"மாட்டினா என்ன. நீ இங்கேயே நில்லு. நின்னு எனக்குச் சொல்லிக்குடு, முன்ன மாதிரி."

மெலிஸ் இடி இடிக்கிற மாதிரி சிரித்துவிட்டு, சாவியைக் காரின் மேல் வைத்தார்.

"கேட்டீங்களா? உஸ்தா என்னைச் சொல்லிக்குடுக்கச் சொல்றார்" என்று மாடிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே வாசலுக்குள் போய்விட்டார்.

பால்கனிகளில் சிரித்தார்கள். இசாபெக்கும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அவர்களோடு சேர்ந்து சிரிக்கக் கிடைத்ததே என்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பிறகு பால்கனிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. முற்றத்தில் மூன்று பானெட்டும் திறந்திருந்தன. நடுவில் அவர் மட்டும் நின்றார்.