9900 எண்டு எழுதின பற்றரி

இண்டைக்கு மத்தியானத்துக்கு முன்னமே என்ர வேப், அந்த எலக்ட்ரோனிக் சிகரெட், சார்ஜ் இறங்கிச் செத்துப்போச்சு. ஒன்லைனில வாங்கின பற்றரி, கொள்ளளவு 9900 mAh எண்டு பெரிசா எழுதியிருக்கு.

லண்டன் செவன் கிங்ஸில வேப் கடை வச்சிருக்கிற அக்காட்டைக் கொண்டுபோய்க் காட்டினன்.

அவ பற்றரியைக் கழட்டிச் சின்னத் தராசில வச்சா. இருபத்தெட்டு கிராம். தன்ர கடைப் பற்றரியை வச்சா. நாற்பத்தாறு.

"தம்பி, இந்தச் சைஸில மூவாயிரத்து ஐந்நூறு, அதுக்கு மேல பெரிசா அடைக்க ஏலாது. உங்கட பற்றரியில பாதி வெறும் கோது."

"அப்ப எழுதியிருக்கிறது?"

"ஸ்டிக்கர்தானே, என்னவும் எழுதலாம். இதைப் பொக்கெற்றில கொண்டு திரியாதேங்கோ, வெடிச்சாலும் வெடிக்கும்."

பயத்தில பற்றரியை அங்கயே விட்டிட்டு வந்திட்டன்.

பிரச்சினை என்னெண்டா, பார்சல் வந்த அண்டைக்கே வாங்கின சைற்றில அஞ்சு நட்சத்திரம் போட்டு, "நல்ல பவர்" எண்டும் எழுதினனான். திரும்பி வரேக்க பஸ்ஸில இருந்துகொண்டு அந்த ரிவியூவை அழிக்கப் போனால், இருபத்திமூண்டு பேர் "உதவியாக இருந்தது" எண்டு அமத்தியிருக்கினம்.

அதில எங்கட ஆக்கள் ஆரும் இருந்தா, கையைத் தூக்குங்கோ.