தீயணைப்புத் தொட்டியில் கெளுத்தி

சாத்தூர். வைப்பாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, வறண்டு கிடக்கும் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடிக்கிறேன். பாலம் இறங்கியதும் எதிரே பட்டாசுக் கடை. இந்தக் கடைகளில் தீயணைக்க மணலும் தண்ணீரும் இருந்தே ஆக வேண்டும். ஆற்று மணல் சிவப்பு வாளிகளில் ஒழுங்காக இருக்கிறது. தண்ணீர் மட்டும் பெரிய கண்ணாடித் தொட்டியில். உள்ளே இரண்டு கெளுத்தி, நாலைந்து குறவை, கல்லோரம் ஒரு நண்டு.

“தீப்பிடிச்சா மீனோடவா ஊத்துவீங்க, அண்ணாச்சி?”

“மொதல்ல மீனை எடுப்போம். பொறவுதான் தீ” என்கிறார் கடைக்காரர், சிரிக்காமல். “ஆத்துக் குட்டை வத்தும்போது பிடிச்சாந்ததுக. தண்ணி வந்ததும் கொண்டுபோய் விட்டுருவேன்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மணலும் இங்க, மீனும் இங்க. அப்ப ஆத்துல என்னதான் இருக்கு?”

அவர் நிதானமாகப் பாலத்தைப் பார்க்கிறார். பிறகு என் வெறுங்கையைப் பார்க்கிறார்.

“அங்கன நின்னு தண்ணி குடிச்சீகளே, அந்தப் பாட்டிலை எங்க போட்டீக?”

நண்டு கல்லுக்கடியில் போய் ஒளிகிறது. அதற்காவது ஒரு கல் இருக்கிறது.